பூங்காவுக்குப் பாதிப் பணம்

ஊர்ப் பூங்காக்களுக்கென ஒதுக்கும் அரசுப் பணத்தை எவ்வாறு பங்கிடுவது? 1964-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்ட நில, நீர்ப் பாதுகாப்பு நிதிச் சட்டம் இதற்கொரு வழி கண்டது. மாநிலங்களுக்குரிய தொகையில் ஐந்தில் இரு பங்கைச் சமமாகவும், எஞ்சியதை மக்கள்தொகை முதலிய தேவை நோக்கியும் பகுத்தளித்தது. மாநிலங்கள் அதிலிருந்து ஊர்களுக்கு வழங்கின.

ஆயின், செலவில் பாதிக்கு மேல் கூட்டரசு தராது. மறு பாதிக்கு ஏழை ஊர் எங்கே போகும்? வரி வருவாய் மிக்க ஊருக்கே இவ்விதி துணை செய்தது என்பது என் கருத்து. நகரங்களின் வறிய பகுதிகளுக்கென இந்நிதியில் தனி மானியம் 2014-இல்தான் வந்தது. அதிலும் பாதிப் பங்கு விதி நீங்கவில்லை!

மற்றொரு விதியையோ மெச்சத்தான் வேண்டும். இப்பணத்தால் அமைந்த திடலை வேறு காரியத்துக்கு மாற்ற விரும்பும் ஊர், கூட்டரசின் இசைவு பெற்று, ஈடான மதிப்பும் பயனும் உள்ள வேறு நிலத்தை மக்களுக்குத் தந்தாக வேண்டும்.