வில்லைச் செப்பனிட்ட கைகள்

ஹிஜ்ரி 3இல் (கி.பி. 625) நடந்த உஹதுப் போரின் வரலாற்றை நம் இல்லங்களில் அறியாதார் இலர். அன்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இடைவிடாது அம்பெய்ததால் அவர்களுடைய வில்லின் நுனி ஒடிந்துபோயிற்று என்றும், ஒடிந்த அவ்வில்லைக் கதாதா இப்னு நுஃமான் (ரலி) அவர்கள் எடுத்துத் தம்மிடம் வைத்துக்கொண்டார்கள் என்றும் இப்னு இஸ்ஹாக் பதிந்துள்ளார்கள். அந்த வில் 'நப்உ' என்னும் மரத்தாலானது. அதன் பெயர் 'அல்கதூம்' என்பர்.

கதூம் என்பதற்கு மறைத்து வைப்பது, வாய் திறவாதது என்று பொருள். நாணை இழுத்து விட்டால் ஓசை எழுப்பாத வில் என அகராதி ஆசிரியர்கள் இதற்கு விளக்கம் தருவர். மரத்தில் விரிசல் இல்லாத வில் என்றும் ஒரு விளக்கம் உண்டு. விரிசல் இல்லாமையே ஒரு வில்லுக்குப் பெயராக அமையும் தகுதி பெற்றது ஏன்? மரவில் எவ்வாறு பழுதுறும், அதை எவ்வாறு செப்பனிட்டனர் என்பதை அறிந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

வில்லை வளைக்கும்போது அதன் புறப்பக்கம் நீள முயல்கிறது. எய்பவனை நோக்கிய உட்பக்கம் நெருக்குண்டு சுருங்குகிறது. ஆகவே புறத்தில் மர இழை அறுந்து சிராய் எழும்பும். அகத்தில் இழை நசுங்கிச் சுருக்கம் விழும். அரபிகள் புறத்தை முதுகு என்றும் அகத்தை வயிறு என்றும் அழைத்தனர். அதுமட்டுமன்று. வில்லின் நடுப்பகுதிக்குக் 'கபித்' (ஈரல்) என்றும், அதை அடுத்த பகுதிக்குக் 'குல்யா' (சிறுநீரகம்) என்றும், அதற்கும் அப்பால் 'அப்ஹர்' (பெருநாடி) என்றும் பெயரிட்டனர். வளைந்த நுனி 'ஸியா' எனப்படும். உஹதில் ஒடிந்தது இந்த ஸியாவே. உடலின் உறுப்புகளைக் கொண்டு வில்லைப் பகுத்த அம்மக்கள், அதன் பழுதையும் நோயைப் போன்றே நோக்கினர் போலும்.

நோய் வருமுன் காப்பதே முதல் மருத்துவம். அதற்கு மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்க வேண்டும். நப்உ, ஷிர்யான், ஷவ்ஹத் ஆகிய மூன்றும் ஒரே மரமே என்றும், மலையுச்சியில் வளர்வது நப்உ, சரிவில் வளர்வது ஷிர்யான், அடிவாரத்தில் வளர்வது ஷவ்ஹத் எனப் பெயர் பெற்றது என்றும் மொழியறிஞர் முபர்ரத் கூறுவார். முளைத்த இடத்தை வைத்தே மரத்துக்குப் பெயரிடும் அளவுக்கு அவர்களுடைய பார்வை நுணுக்கமாயிருந்தது.

அறியாமைக் காலத்தையும் இஸ்லாமியக் காலத்தையும் ஒருங்கே கண்ட கவிஞர் ஷம்மாக் இப்னு ளிரார், ஒரு வில்லின் பிறப்பைத் தம் கவிதை ஒன்றில் விரித்துரைக்கிறார். காட்டு இலந்தை மரத்தின் புதருக்குள் மறைந்திருந்த ஒரு கிளையை வில் செய்வோன் கண்டு, இடையிலுள்ள முட்களை வெட்டி விலக்கி அதை அடைகிறான். வெட்டியதும் செதுக்கிவிடவில்லை. பட்டையின் ஈரத்தை மரமே மெல்ல உறிஞ்சிக்கொள்ளுமாறு ஈராண்டு காத்திருக்கிறான். விரைந்து காய்ந்த மரம் வெடிக்கும் என்பதை அவன் அறிவான். பின்னர் 'ஸிகாஃப்' என்னும் நிமிர்த்தும் கருவியால் அதன் கோணலைப் போக்குகிறான். பனி பெய்யும் வேளையில் அவ்வில்லுக்குக் கந்தையைச் சுற்றாமல் நல்லாடை போர்த்தினார்களாம்! இறுதியில் சந்தையில் பெருவிலைக்கு அதை விற்றுவிட்டு அவன் கண்ணீர் வடிக்கிறான். எகிப்திய அறிஞர் மஹ்மூத் முஹம்மது ஷாகிர் 1952இல் வெளியிட்ட 'அல்கவ்ஸுல் அத்ரா' என்னும் நெடுங்கவிதை இதிலிருந்து பிறந்ததே.

இனிப் பழுது நீக்கும் முறைக்கு வருவோம். மர இழையின் போக்கிலேயே ஓடும் விரிசலுக்கு மருந்து உண்டு. விரிசலில் பசையைச் செலுத்தி, பசையில் தோய்த்த தசைநார் இழைகளை அவ்விடத்தில் இறுகச் சுற்றுவர். தசைநார் உலர உலரச் சுருங்கும் தன்மையது. ஆதலின் அக்கட்டு நாளடைவில் தானே இறுகும். அரபியில் இந்நாருக்கு 'அகப்' என்று பெயர். 'அஸப்' மஞ்சள் சாயலுடையது. 'அகப்' வெண்மை சாயலுடையது, உறுதி மிக்கது என்று அகராதிகள் வேறுபாடு காட்டும். புத்தகத்தை மட்டும் படித்தவருக்கு இது வெறும் நிறபேதம். வில்லைக் கட்டியவருக்கோ உயிர்நிலை.

முதுகு முழுவதும் வலுவிழந்திருப்பின் சுற்றுக்கட்டு போதாது. விலங்கின் கால்நாரை உலர்த்தி, தட்டி, நூல்போல் பிரித்து, நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் பசை போன்றதொன்றில் தோய்த்து, வில்லின் நீளவாக்கில் படியவைப்பர். அது நன்கு உலர வாரங்களும் மாதங்களும் செல்லும். வயிற்றுப் பக்கத்தில் ஆட்டுக்கொம்பைச் சீவி ஒட்டுவதும் உண்டு. நார் இழுவிசையைத் தாங்கும். கொம்பு நெருக்குதலைத் தாங்கும். இவ்வாறு வலுவூட்டிய ஹிஜாஸ் வில்லை, கி.பி. 1500ஐ ஒட்டி மொராக்கோவில் எழுதப்பெற்ற வில்வித்தை நூல் ஒன்று விவரிக்கிறது. அந்நூல் 1945இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

எல்லாப் பழுதும் நீங்கிவிடாது. குறுக்கே முறிந்த மரமும், வயிற்றில் நசுங்கிய இழையும் பழைய வலிமையை மீண்டும் பெறுவதில்லை. ஒட்டிய வில்லுக்கு ஈரம் பகை. பசை இளகினால் முழு வேலையும் வீண். எனவே பயன்படாத வேளையில் நாணைக் கழற்றிவைப்பதும், ஈரம் படாமல் காப்பதும் செப்பனிடுதலின் ஒரு பகுதியே.

துப்பாக்கி வந்தபின் வில் போர்க்களத்தை விட்டு நீங்கியது. எனினும் துருக்கியர் அதை ஒரு கலையாகப் பேணினர். சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் ஆதரவில் முஸ்தபா கானி என்பார் வில்வித்தையையும் வில் செய்யும் முறையையும் விரிவான நூலாகத் தொகுத்தார். எழுத்திலும் கைப்பழக்கத்திலும் எஞ்சிய அக்கலையை 2019இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

ஓர் அம்பின் பொருட்டு மூவர் சுவனம் புகுவர் என்னும் நபிமொழி அபூதாவூத், திர்மிதீ முதலிய தொகுப்புகளில் உள்ளது. நன்மையை நாடி அம்பைச் செய்தவர், அதை எய்தவர், அதை எடுத்துக் கொடுத்தவர் ஆகியோரே அம்மூவர். செய்தவரின் பெயர் இதில் முதலில் நிற்பதை நாம் கவனிப்பதில்லை. எய்தவர்களின் பெயர்களை வரலாறு நிரம்பச் சொல்கிறது. ஈராண்டு காத்திருந்து மரத்தைப் பதப்படுத்தியவனும், விரிசலை நாரால் கட்டியவனும் பெரும்பாலும் பெயரின்றியே மறைந்தனர். அவர்களுடைய அறிவு 'அகப்', 'ஸிகாஃப்', 'கதூம்' என்னும் சொற்களில் தங்கியிருக்கிறது. இச்சொற்களை மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், அகராதிப் பொருளோடு நின்றுவிடாமல், ஒரு மரத்துண்டையும் சிறிது நாரையும் அவர்கள் கையில் கொடுத்து விளக்குவோமாயின், அக்கைவினைஞருக்கு நாம் பட்ட கடனில் ஒரு பகுதியேனும் தீரும்.