23: ஒரு சிவப்பு ஜெர்சியின் வாழ்க்கை

1990 பிப்ரவரி 14. அமெரிக்காவின் ஒர்லாண்டோ நகரில் ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரமே இருந்தது. சிகாகோ புல்ஸ் அணியின் உடைமாற்றும் அறையில் மைக்கேல் ஜோர்டனின் ஜெர்சியைக் காணோம். யாரோ திருடிவிட்டார்கள். அரங்கத்துக்கு 23-ம் எண் ஜெர்சியோடு வந்திருந்த ஒரு ரசிகரிடம் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். ஜோர்டனுக்கு அது பொருந்தவில்லை. அவசரத்துக்கென்று அணியினர் கையோடு கொண்டுவந்திருந்த மாற்று ஜெர்சி ஒன்று இருந்தது. எண் 12, முதுகில் பெயரே கிடையாது. அதை மாட்டிக்கொண்டு இறங்கிய ஜோர்டன் 49 புள்ளிகள் எடுத்தார். கூடுதல் நேரம்வரை போன ஆட்டத்தில் புல்ஸ் தோற்றது.

ஜெர்சி என்றால் என்ன? கை வைக்காத பனியன். வியர்வை வெளியேறத் துளை துளையாக நெய்த துணி. தன் சொந்த ஜெர்சி இல்லாமலே ஜோர்டனால் 49 புள்ளிகள் எடுக்க முடிந்தது. ஆனாலும் ஜோர்டன் உள்ளே இல்லாத அந்தத் துணியை ஒருவர் திருடிக்கொண்டு போகும் அளவுக்கு அதற்கு மதிப்பு வந்திருந்தது. அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் ஜெர்சி உலகம் முழுக்க விற்பனைக்கு வந்த கதை கிடைக்கும்.

அண்ணனில் பாதி

ஜோர்டனின் எண் பிறந்த இடம் வடக்கு கரோலினா மாநிலத்தின் வில்மிங்டன் நகரம். மைக்கேலின் அண்ணன் லாரியும் நல்ல ஆட்டக்காரர். அவருடைய எண் 45. அண்ணனின் திறமையில் பாதியாவது தனக்கு வரவேண்டும் என்று தம்பி 45-ஐப் பாதியாக்கினார். இருபத்திரண்டரை என்று ஓர் எண் கிடையாதே. மேல்நோக்கி முழுதாக்கியதில் 23 கிடைத்தது.

அந்த எண்ணுக்கு ஆட்ட விதியும் இடம் கொடுத்தது. அமெரிக்கப் பள்ளி, கல்லூரிக் கூடைப்பந்தில் நெடுங்காலம் 0 முதல் 5 வரையிலான இலக்கங்களால் ஆன எண்களே அனுமதிக்கப்பட்டன. தவறு செய்தவர் யார் என்பதை நடுவர் கைவிரல்களால் காட்டுவார். ஒரு கையில் இரண்டு, மறு கையில் மூன்று என்று நீட்டினால் 23. ஒரு கைக்கு ஐந்து விரல்தானே, ஆறிலிருந்து ஒன்பதுவரை அங்கே இடமில்லை. கல்லூரி ஆட்டத்தில் இந்தக் கட்டுப்பாடு 2023-இல்தான் நீங்கியது. பன்னாட்டுப் போட்டிகளில் வேறு கணக்கு: அன்றைக்கு 4 முதல் 15 வரையிலான எண்களையே அணிய வேண்டும். அதனால் 1984, 1992 ஒலிம்பிக்கில் ஜோர்டன் அணிந்தது 9.

1984-இல் சிகாகோ புல்ஸ் அவரை மூன்றாவது தேர்வாக எடுத்தது. அந்த அணியின் சிவப்பில் 23 ஏறியது அப்போதுதான். அதே ஆண்டு டிசம்பரில் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் ஒரு குழந்தை பிறந்தது. இந்த எண்ணைப் பின்னாளில் சுமக்கப்போகும் அந்தப் பிள்ளையிடம் பிறகு வருவோம்.

களத்திலிருந்து தெருவுக்கு

அதற்கும் முந்தைய காலத்து ஆட்டப் படங்களைப் பாருங்கள். பார்வையாளர் வரிசையில் கோட்டும் டையுமாக ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டக்காரரின் உடை ஆட்டக்காரருக்கு, ரசிகரின் உடை ரசிகருக்கு என்ற பிரிவு தெளிவாக இருந்தது. 1980-களின் நடுவிலிருந்து அது கரையத் தொடங்கியது. 1984-இல் டேவிட் ஸ்டெர்ன் லீக்கின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். தொலைக்காட்சி ஆட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. விற்பனைப் பிரிவு ஆட்டக்காரரின் உடையைக் கடைக்குக் கொண்டுவந்தது.

1990-களின் பெரும்பகுதி என்.பி.ஏ. உடைகளைத் தைத்தது சாம்பியன் நிறுவனம். களத்தில் அணியும் ஜெர்சியில் எண்ணும் பெயரும் தனித்துணியில் வெட்டித் தைக்கப்பட்டிருக்கும். கடைக்கு வரும் மலிவு நகலில் அவை அச்சு மட்டுமே. சில முறை துவைத்தால் அச்சில் வெடிப்பு விழும். ஆனாலும் பள்ளிப் பிள்ளையின் கைக்காசுக்கு எட்டியது அந்த நகல்தான், உலகம் சுற்றியதும் அதுதான். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் 'கனவு அணி' ஆடியதை உலகமே பார்த்தது. கூடைப்பந்துக் களத்தையே மிதிக்காதவர்களும் அதன்பின் புல்ஸ் சிவப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள்.

பிற்காலத்தில் களத்து ஜெர்சிக்கும் மலிவு நகலுக்கும் நடுவில் 'ஸ்விங்மேன்' என்ற வகை வந்தது. களத்து ஜெர்சியின் தோற்றம், அதைவிடக் குறைந்த விலை. இன்றும் ரசிகர்கள் பேசும் மொழி இதுதான்: ஆட்டக்காரர் அணிவதை அப்படியே ஒத்தது 'அதென்டிக்', நடுவிலிருப்பது 'ஸ்விங்மேன்', மலிவானது 'ரெப்ளிகா'.

ஓய்வும் மறுபிறப்பும்

1993 கோடையில் ஜோர்டனின் தந்தை கொலையுண்டார். மூன்று முறை தொடர்ந்து பட்டம் வென்றிருந்த மகன் அக்டோபரில் ஓய்வை அறிவித்தார். 1994 நவம்பர் 1 அன்று சிகாகோவின் யுனைடெட் சென்டர் அரங்கத்தில் 23 கூரைக்கு ஏறியது. ஓர் எண்ணை இப்படி உயரத்தில் தொங்கவிட்டால், அந்த அணியில் இனி யாருக்கும் அது கிடையாது என்று பொருள்.

1995 மார்ச்சில் ஜோர்டன் திரும்பினார். தந்தை கடைசியாகப் பார்த்த எண்ணை அவர் தொடவில்லை. அண்ணனின் 45-ஐ எடுத்துக்கொண்டார். பாதியில் தொடங்கியவர் முழுமைக்கு வந்த கணக்கு. புதிய எண் தாங்கிய ஜெர்சிகள் கடைகளில் பறந்தன. அந்த எண்ணோடு நியூயார்க்கில் ஒரே ஆட்டத்தில் 55 புள்ளிகளும் எடுத்தார். மே மாதம் ஒர்லாண்டோவுக்கு எதிரான தொடரின் முதல் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் அந்த அணியின் நிக் ஆண்டர்சன் அவர் கையிலிருந்து பந்தைப் பறித்தார். இந்த 45 அந்த 23 அல்ல என்ற பேச்சும் எழுந்தது. அடுத்த ஆட்டத்துக்கு ஜோர்டன் 23-ஐ அணிந்து வந்து 38 புள்ளிகள் எடுத்தார். முன்னறிவிப்பு இல்லாமல் எண் மாறியதற்கு லீக் அபராதம் விதித்தது. 45-இன் ஆயுள் மொத்தம் 22 ஆட்டங்கள். காசு சேர்த்து அதை வாங்கிய பிள்ளைகளின் கையில் வரலாற்றின் ஒரு சிறு இடைவேளை மட்டும் மிஞ்சியது.

வாரிசு

ஆக்ரன் பிள்ளைக்கு வருவோம். லெப்ரான் ஜேம்ஸ் பள்ளியில் 23-ஐ அணிந்தது ஜோர்டன் மீதிருந்த பக்தியால். அவர் வாழ்க்கையில் ஜெர்சி எப்போதும் பெரிய விஷயம். பழைய ஆட்டக்காரர்களின் ஜெர்சிகளை அதே துணியில், அதே தையலில் மறுபடி செய்து விற்கும் வழக்கத்தை 1980-களில் பிலடெல்பியாவின் மிட்செல் அண்ட் நெஸ் கடை பரவலாக்கியிருந்தது. 2000-களின் தொடக்கத்தில் ஹிப்-ஹாப் பாடகர்கள் அவற்றை அணிந்ததும் விலை எகிறியது. பள்ளி இறுதியாண்டு மாணவரான லெப்ரானுக்கு ஒரு கடை அப்படி இரண்டைப் பரிசாகக் கொடுத்தது: கூடைப்பந்தின் வெஸ் அன்செல்ட் ஜெர்சி, அமெரிக்கக் கால்பந்தின் கேல் சேயர்ஸ் ஜெர்சி. மொத்த மதிப்பு 845 டாலர். 2003 ஜனவரி 31 அன்று மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் அவரை ஆடத் தகுதியற்றவர் என்று அறிவித்தது. நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவர் களத்துக்குத் திரும்பினார். அந்த ஆண்டிலேயே கிளீவ்லாந்து கவாலியர்ஸ் அவரை முதல் தேர்வாக எடுத்தது. சொந்த மண்ணின் அணி.

2010 ஜூலை 8. நேரலைத் தொலைக்காட்சியில் தான் மயாமிக்குப் போவதாக லெப்ரான் சொன்னார். அன்றிரவு கிளீவ்லாந்துத் தெருக்களில் 23 எரிந்தது. ஏழாண்டு மார்பில் சுமந்த பெயரை ரசிகர்கள் தங்கள் கையாலேயே கொளுத்தினார்கள். விலை கொடுத்து வாங்கிய சட்டையை யாரும் சும்மா எரிப்பதில்லை. அது வெறும் துணியாக இருந்திருந்தால் அலமாரியின் மூலைக்குப் போயிருக்கும், அல்லது வீடு துடைக்க உதவியிருக்கும். எரித்தார்கள் என்பதே அதைத் துணியாக அவர்கள் நினைக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

மயாமியில் அவருக்கு 23 கிடைத்திருக்காது. அங்கே ஒரு நாளும் ஆடாத ஜோர்டனுக்கு மரியாதையாக மயாமி ஹீட் அணி 2003-லேயே அந்த எண்ணைக் கூரைக்கு ஏற்றிவிட்டிருந்தது. ஜோர்டனின் எண்ணை விட்டுவிடப்போவதாக லெப்ரானும் முன்பே சொல்லியிருந்தார். 6-ஐ எடுத்தார். 2014-இல் கிளீவ்லாந்துக்கு 23-ஆகத் திரும்பினார். 2016 இறுதித் தொடரில் 1-3 என்று பின்தங்கியிருந்து அந்த நகரத்துக்கு முதல் என்.பி.ஏ. பட்டத்தை வென்று கொடுத்தார். எரித்தவர்களில் எத்தனை பேர் மறுபடி கடை வாசலில் நின்றிருப்பார்கள்!

பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸிலும் முதலில் 23, அப்புறம் 6. 2022 ஜூலையில் முன்னாள் ஆட்டக்காரர் பில் ரசல் மறைந்தார். பதினோரு பட்டங்கள் வென்ற அவருடைய 6-ஐ லீக் முழுவதற்குமாக ஓய்வுபெறச் செய்தார்கள். இனி எந்த அணியிலும் புதிதாக யாரும் அதை எடுக்க முடியாது. ஏற்கெனவே அணிந்திருந்தவர்கள் தொடரலாம் என்றிருந்தும், ரசலுக்கு மரியாதையாக லெப்ரான் அதை விட்டுக்கொடுத்து 23-க்கே வந்தார். பெரியவருக்கு இடம்விட்டு எழுந்து நிற்கும் பண்பு எண்களிலும் உண்டு.

பணம் யாருக்கு

ஒரு நட்சத்திரம் அணி மாறினால் அவர் ஜெர்சி விற்ற காசிலேயே சம்பளம் ஈடாகிவிடும் என்று ரசிகர்கள் பேசிக்கொள்வதுண்டு. உண்மை அப்படியில்லை. லீக்கின் உரிமத்தில் விற்கும் சரக்கின் வருவாய் ஒரே குடத்தில் விழுந்து 30 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. தன் அரங்கத்துக் கடையில் விற்பதில் மட்டுமே அணிக்குத் தனி ஆதாயம். ஆட்டக்காரர்களின் பங்கும் அவர்கள் சங்கத்தின் வழியாகப் பொதுவில் பகிரப்படுகிறது. சிகாகோவில் வாங்கிய 23 எங்கோ இருக்கும் சிறிய நகரத்து அணிக்கும் சோறு போட்டிருக்கிறது.

தைப்பவர்கள் மாறினார்கள். சாம்பியனுக்குப் பின் நைக்கி உள்ளிட்ட சிலர், ரீபாக், அடிடாஸ், 2017 முதல் லீக் முழுவதற்கும் நைக்கி. தயாரிப்பாளரின் சின்னம் களத்து ஜெர்சியின் மார்பில் ஏறியது அப்போதுதான். மார்பின் மறுபுறத்தில் இரண்டரை அங்குலச் சதுரத்தில் விளம்பரமும் வந்தது. ஒரு சீருடைக்குச் சுமார் 20 பிளாஸ்டிக் பாட்டில்களை மறுசுழற்சி செய்த இழை என்று நைக்கி சொன்னது. அந்தப் பருவத்தின் முதல் நாளிலேயே லெப்ரானின் 23 முதுகில் நடுவாகக் கிழிந்ததும் நடந்தது. 2020-21 முதல் ஒவ்வோர் அணியின் 'ஸ்டேட்மென்ட்' வகை ஜெர்சியிலும் காலை விரித்துத் தாவும் ஒரு மனிதரின் நிழலுருவம் இருக்கிறது. அது ஜோர்டனின் உருவம். அன்று உடைமாற்றும் அறையிலிருந்து ஒரு ஜெர்சியைத் திருடினார்கள். இன்று ஒவ்வோர் அணியின் ஜெர்சி வரிசையிலும் அவர் இருக்கிறார்.

தோற்ற ஆட்டத்தின் விலை

2022 செப்டம்பரில் நியூயார்க்கின் சோத்பீஸ் ஏலத்தில் ஒரு சிவப்பு 23 விலைக்கு வந்தது. 1998 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் ஜோர்டன் அணிந்தது. 30 முதல் 50 லட்சம் டாலர் போகலாம் என்று கணித்தார்கள். போனது 1 கோடியே 1 லட்சம் டாலர். அதே ஆண்டு கால்பந்து வீரர் மரடோனாவின் 1986 உலகக் கோப்பைச் சட்டை படைத்த விலைச் சாதனையை அது தாண்டியது. 2024-இல் பேஸ்பால் வீரர் பேப் ரூத்தின் ஜெர்சி அதையும் தாண்டியது.

அந்த முதல் ஆட்டத்தில் புல்ஸ் 85-88 என்று தோற்றது. ஜோர்டன் எடுத்த 33 புள்ளிகள் போதவில்லை. விலை கொடுத்தவர் வெற்றியை வாங்கவில்லை. ஓர் இரவு முழுக்க அந்தத் துணிக்குள் ஒரு மனிதர் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தார் என்பதை வாங்கினார்.

இத்தகைய ஜெர்சி உண்மையானதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அன்றைய புகைப்படத்தைப் பெரிதாக்கி, எண்ணின் ஓரம் துணியின் எந்தத் துளையை எந்த இடத்தில் வெட்டுகிறது என்று ஒப்பிடுகிறார்கள். நூல் பிசிறு, கறை, தையலின் கோணல் எல்லாம் கைரேகைபோல் உதவுகின்றன. குறையில்லாத ஜெர்சியால் தன்னை நிரூபிக்க முடியாது. உழைத்த தழும்புதான் அதற்கு அடையாள அட்டை.

தொண்ணூறுகளில் ஏதோ ஒரு பிள்ளை அடம்பிடித்து வாங்கிய அச்சு ஜெர்சி எங்கேனும் ஒரு வீட்டுப் பெட்டிக்குள் மடித்துக் கிடக்கும். இரண்டும் மூன்றும் வெடித்து உதிர்ந்திருக்கும், சிவப்பு வெளுத்திருக்கும். ஏலத்தில் அதற்கு விலை கிடையாது. ஆனால் அந்த வெடிப்புகளும் வேறெந்த ஜெர்சியிலும் இதே இடத்தில் விழுந்திருக்காது. எந்தப் பிள்ளை, எந்தத் தெருவில், எத்தனை மாலைகள் பந்தோடு ஓடியது என்பதற்கு அவைதான் சான்று.