பள்ளிகளில் சக மாணவர் துன்புறுத்தல்

பள்ளிகளில் சக மாணவர் துன்புறுத்தல் என்பது, தன்னைவிட வலுவான மாணவராலோ மாணவர் கூட்டத்தாலோ ஒரு பிள்ளை திரும்பத் திரும்ப அடிபடுவதும், இழிவுபடுத்தப்படுவதும், ஒதுக்கப்படுவதும் ஆகும். கேலி, கிண்டல், வம்பிழுத்தல், ராகிங் எனப் பல பெயர்களில் வழங்கும் இந்தக் கொடுமையை 'சின்னப் பிள்ளைகள் சண்டை' என்று பெரியவர்கள் நெடுங்காலம் தள்ளிவிட்டார்கள். 1996இல் சிதம்பரத்திலும் 2023இல் நாங்குநேரியிலும் நடந்தவை அப்படித் தள்ளிவிட முடியாதபடி தமிழ்நாட்டை உலுக்கின. சட்டம் வந்தது, குழு அமைந்தது, பரிந்துரைகளும் கிடைத்தன. ஆனாலும் தடுப்பின் அடிப்படை இவை எல்லாவற்றையும்விட எளிமையானது: துன்பப்படும் பிள்ளை வாய் திறக்க வேண்டும், திறந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒரு தீங்கும் வராமல் பெரியவர்கள் காக்க வேண்டும்.

வரையறை

இந்த ஆய்வுத்துறைக்கு அடித்தளமிட்டவர் ஸ்வீடனில் பிறந்து நார்வேயின் பெர்கன் நகரில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ். 1970களில் அவர் தொடங்கிய ஆய்வுகளிலிருந்து மூன்று அடையாளங்கள் நிலைபெற்றன. வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவருக்கும் இடையே வலிமை சமமாக இல்லாதது. சம பலமுள்ள இருவர் பம்பரத்துக்காக மல்லுக்கு நின்றால் அது சண்டை. ஐந்து பேர் சேர்ந்து ஒருவனின் பையைத் தினமும் குப்பையில் போட்டால் அது துன்புறுத்தல். வலிமை என்பது உடல் பலம் மட்டுமல்ல. வயது, சாதி, பணம், மதிப்பெண், ஆள் சேர்க்கை, கையில் இருக்கும் செல்போன் எதுவும் வலிமையாகலாம்.

இந்த வேறுபாடு தெரியாத ஆசிரியர், புகார் வந்ததும் இருவரையும் அழைத்துக் கைகுலுக்கச் சொல்லி அனுப்பிவிடுவார். சண்டைக்கு அது சரியான தீர்வு. துன்புறுத்தலில் அதுவே ஆபத்து. சொன்னது யார் என்பதை அடித்தவனுக்குக் காட்டிக்கொடுப்பதோடு, இருவர் மீதும் சம அளவு தப்பு இருப்பதாகத் தீர்ப்பும் சொல்லிவிடுகிறது.

வடிவங்களும் நடக்கும் இடங்களும்

அடிப்பது, தள்ளுவது, பொருளைப் பறிப்பது ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை. நிறம், உடல் பருமன், திக்குவாய், அப்பாவின் தொழில் ஆகியவற்றை வைத்துப் பட்டப்பெயர் சூட்டுவது காதுக்குத் தெரிவது. ஒதுக்கிவைப்பதோ கண்ணுக்கும் காதுக்கும் தெரியாமல் நடக்கும். மதிய உணவுக்கு வராண்டாவில் வரிசையாக உட்காரும்போது ஒரு பிள்ளை வந்து அமர்கிறது. பக்கத்தில் இருப்பவள் ஒரு சொல்லும் சொல்லாமல் தன் தட்டை ஒரு சாண் தள்ளி வைக்கிறாள். அடுத்தவளும் தள்ளிக்கொள்கிறாள். சோறு போடும் அம்மாவுக்கு அது இடைவெளியாகத்தான் தெரியும். அந்தப் பிள்ளைக்கு அது என்னவென்று தெரியும். செல்போன் வந்த பிறகு இது பள்ளி மணியோடு முடிவதில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒருவரை மட்டும் நீக்குவது, படத்தைச் சிதைத்துப் பரப்புவது என்று இரவிலும் தொடர்கிறது.

துன்புறுத்தல் பெரும்பாலும் ஆசிரியரின் பார்வை எட்டாத இடங்களைத் தேடிக்கொள்கிறது. கழிப்பறை, தண்ணீர்க் குழாயடி, சைக்கிள் நிறுத்துமிடம், விடுதி அறை, பேருந்தின் கடைசி இருக்கை, பள்ளி விட்டு வீடு திரும்பும் ஒற்றையடிப் பாதை ஆகியவை அப்படிப்பட்டவை.

சுற்றி நிற்பவர்கள்

துன்புறுத்தலில் பெரும்பாலும் மூன்றாம் தரப்பு ஒன்று உண்டு. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டினா சால்மிவல்லியும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, வகுப்பில் இருப்பவர்களை அவரவர் பங்கின்படி பிரித்துக் காட்டியது. துன்புறுத்துபவர், அவருக்குக் கை கொடுப்பவர், சிரித்து ஊக்கம் தருபவர், ஒதுங்கி நிற்பவர், பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்பவர், பாதிக்கப்பட்டவர். கனடாவின் டொரொன்டோ நகரப் பள்ளிகளில் படம்பிடித்து ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வில், 88 விழுக்காடு நிகழ்வுகளில் சக மாணவர்கள் உடனிருந்தது தெரிந்தது. குறுக்கிட்டது 19 விழுக்காட்டில் மட்டுமே. அப்படிக் குறுக்கிட்டவற்றில் பாதிக்கு மேல், 57 விழுக்காட்டில், பத்தே நொடிக்குள் கொடுமை நின்றுபோனது.

'டேய், விடுடா அவன' என்று ஒரு சேக்காளி சொன்னால் பல நேரம் போதும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. அந்த ஒரு சொல் வராமல் போவதற்குக் காரணம் பயம். அடுத்த குறி நாமாகிவிடுவோமோ என்ற பயம். ஆசிரியரிடம் சொன்னால் 'போட்டுக்கொடுக்கிறவன்' என்ற பெயர் வந்துவிடுமே என்ற பயம்.

வேர்கள்

துன்புறுத்தும் பிள்ளை பிறவியிலேயே கெட்டதல்ல. வீட்டில் அடிபடுவது, அடித்தால் காரியம் நடக்கும் என்று பார்த்துப் பழகுவது, கூட்டத்தில் தன் இடத்தைக் காட்டிக்கொள்ள நினைப்பது, யாரும் கண்டிக்காதது எனப் பல காரணங்கள் சேர்கின்றன. இவற்றோடு ஊரின் பழைய ஏற்றத்தாழ்வுகளும் வகுப்பறைக்குள் வருகின்றன. பிள்ளை திண்ணையில் கேட்டதைத்தான் பள்ளியில் சொல்கிறது.

செட்டிநாட்டின் பெரும்பகுதி அடங்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இதற்கு எழுத்துச் சான்று உண்டு. 1930, 1931ஆம் ஆண்டுகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் மீது ஆதிக்க சாதியினர் விதித்த தடைகளைக் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஜே. எச். ஹட்டன் பதிவுசெய்தார். நகை அணியக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது என்ற வரிசையில் அவர்களின் பிள்ளைகள் எழுத்தறிவு பெறக் கூடாது என்பதும் ஒன்று. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டதையும் அவர் குறித்தார். இன்று அந்த மண்ணில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அது போராடிப் பெற்றது. அந்த பெஞ்சில் ஒரு பிள்ளையைச் சாதி சொல்லிச் சீண்டுவது பழைய தடையைச் சிறிய அளவில் மீண்டும் விதிப்பதாகும்.

சிதம்பரம், 1996

கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில், 1996 நவம்பரில் முதலாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு மூத்த மாணவர் ஒருவரால் ராகிங்கில் கொல்லப்பட்டார். அந்த மூத்த மாணவரைச் சென்னை உயர் நீதிமன்றம் 2001இல் விடுவித்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி ஆயுள் தண்டனையை மீண்டும் நிலைநாட்டியது.

இக்கொலையை அடுத்து தமிழ்நாடு அரசு கொண்டுவந்ததே 1997ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம். உடலுக்கோ மனதுக்கோ தீங்கு, அச்சம், வெட்கம் விளைவிக்கும் செயல்களை அது கல்வி நிறுவனத்துக்கு உள்ளும் புறமும் தடைசெய்கிறது. இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் தண்டனை. சட்டத்தின் கூர்மையான பகுதி வேறொன்று. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவர் அந்தக் குற்றத்துக்கு உடந்தையாகவே கருதப்படுவார். வேடிக்கை பார்ப்பது நடுநிலையாகாது என்பதை ஒரு சட்டம் இவ்வளவு தெளிவாகச் சொன்னது பெரிய செய்தி. இலங்கையும் 1998இல் கல்வி நிறுவனங்களில் பகிடிவதை என அங்கே வழங்கும் ராகிங்கைத் தடைசெய்து சட்டம் இயற்றியது.

நாங்குநேரி, 2023

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியைச் சேர்ந்த பட்டியல் சாதி மாணவர் ஒருவர், வள்ளியூரில் 12ஆம் வகுப்பு படித்துவந்தார். நன்றாகப் படிப்பவர். ஆதிக்க சாதியைச் சேர்ந்த சக மாணவர்கள் தொடர்ந்து துன்புறுத்தியதால் பள்ளிக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. புகார் பதிவானது. 2023 ஆகஸ்ட் 9 இரவு மாணவர்கள் அரிவாளோடு அவர் வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கையையும் வெட்டினார்கள். இருவரும் நீண்ட சிகிச்சைக்குப் பின் உயிர் பிழைத்தார்கள். 2024 மே மாதம் வந்த பொதுத்தேர்வு முடிவில் அந்த மாணவர் 600க்கு 469 மதிப்பெண் பெற்றிருந்தார்.

இந்த நிகழ்வில் எல்லாருடைய கவனமும் சாதிவெறியின் மீது சென்றது, செல்லவும் வேண்டும். அதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த மாணவர் சொன்னார். பள்ளியும் கேட்டது. ஆனால் சொன்னவருக்கு அதற்குப் பிறகு பாதுகாப்பு இல்லை. புகாரைப் பெறுவது முதல் வேலை மட்டுமே. புகார் தந்த பிள்ளை அன்று மாலை எந்த வழியில் வீட்டுக்குப் போகும், இரவில் யார் துணை, மறுநாள் யார் பக்கத்தில் உட்காரும் என்பதை அந்த நேரத்திலேயே முடிவுசெய்யாத எந்தத் திட்டமும் அரைகுறைத் திட்டம்தான்.

சாதியுணர்வைப் பள்ளிகளிலிருந்து அகற்ற வழி காண, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. அதன் அறிக்கை 2024 ஜூன் 18 அன்று முதலமைச்சரிடம் அளிக்கப்பட்டது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்குதல், வருகைப் பதிவேட்டில் சாதி இடம்பெறாமை, உதவித்தொகை விவரங்களை வகுப்பில் எல்லார் முன்பும் வாசிக்காமை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்தல், பெயரின் அகர வரிசைப்படி இருக்கை, பள்ளி நல அலுவலர் நியமனம் ஆகியவை அதன் பரிந்துரைகளில் சில. வண்ணக் கயிறு புதிய பிரச்சினை அல்ல. 2019இலேயே பள்ளிக் கல்வித்துறை அதைப் பற்றிச் சுற்றறிக்கை விட்டு, எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்கியது. அன்றே அதில் உறுதியாக நின்றிருக்க வேண்டும்.

அறிகுறிகளும் விளைவுகளும்

பிள்ளைகள் பெரும்பாலும் வாயால் சொல்வதில்லை. காலையில் வரும் வயிற்றுவலி ஞாயிற்றுக்கிழமை வராமல் இருப்பது, பேனாவும் பணமும் அடிக்கடி 'தொலைவது', டிபன் பாக்ஸ் தொடாமல் திரும்புவது, சுற்றுவழியில் பள்ளிக்குப் போவது, வீட்டுக்கு வந்ததும் கழிப்பறைக்கு ஓடுவது ஆகியவை கவனிக்க வேண்டியவை. கடைசியாகச் சொன்னது, பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்து நாளெல்லாம் அடக்கிவைத்த பிள்ளையின் அடையாளமாக இருக்கலாம்.

உலகளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான மாணவர்கள், கேட்கப்பட்டதற்கு முந்தைய ஒரு மாதத்தில் ஒருமுறையேனும் துன்புறுத்தப்பட்டதாக யுனெஸ்கோ 2019இல் தெரிவித்தது. பிரிட்டனில் 1958இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வு, சிறுவயதில் துன்புறுத்தப்பட்டவர்களிடம் அதன் பாதிப்பு ஐம்பது வயதிலும் மனச்சோர்வாகவும் பதற்றமாகவும் இருப்பதை 2014இல் காட்டியது. 'வளர்ந்தா சரியாப் போகும்' என்ற ஆறுதலை இது மறுக்கிறது.

தடுப்பு

நார்வேயில் 1982இல் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டபின், மறு ஆண்டே நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. பெர்கனில் 42 பள்ளிகளின் 2,500 மாணவர்களிடையே ஓல்வேயஸ் தம் திட்டத்தைச் சோதித்தபோது, இரண்டு ஆண்டுகளில் துன்புறுத்தல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அதில் மாயம் ஏதும் இல்லை. பெயர் எழுதாத கேள்வித்தாள் மூலம் நிலவரத்தை அறிதல், இடைவேளையில் பெரியவர்கள் கண்காணித்தல், எளிய சில வகுப்பு விதிகள், பெற்றோரோடு பேச்சு, சம்பந்தப்பட்ட பிள்ளைகளோடு தனித்தனியாகப் பேசுதல் ஆகியவைதான் அது.

இவை எல்லாம் எந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலும் செய்யக்கூடியவை. ஆசிரியர் இருவரையும் சேர்த்து வைத்து விசாரிக்கக் கூடாது. முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளையைத் தனியே கேட்க வேண்டும். பிறகு பார்த்தவர்களை ஒவ்வொருவராக. கடைசியில் துன்புறுத்தியவரை. அவரையும் அடிக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. பிரம்பால் திருத்தப்படும் பிள்ளை, வலுத்தவன் அடிக்கலாம் என்ற பாடத்தையே மறுபடி கற்கிறது. செய்ததற்குப் பொறுப்பேற்க வைப்பதும், பறித்ததைத் திருப்பித் தர வைப்பதும், வாராவாரம் தொடர்ந்து கவனிப்பதும்தான் பலன் தரும்.

வீட்டில், 'யாராச்சும் அடிச்சாங்களா?' என்று கேட்டால் 'இல்ல' என்ற பதிலே வரும். 'இன்னிக்கு யார் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட?' என்று கேட்டால் பேச்சு வளரும். பதில் வந்ததும் 'நீயும் திருப்பி அடிக்க வேண்டியதுதானே' என்று சொல்வது அந்தக் கதவை அடைத்துவிடும். 'நீ சொன்னது நல்லது, இனி நாங்க பாத்துக்கறோம்' என்று சொல்லி, அதன்படி நடக்க வேண்டும்.

செட்டிநாட்டுச் சிற்றூர்களில்

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடி வட்டாரத்து நகரத்தார் ஊர்களில் ஒன்றான நேமத்தான்பட்டி போன்ற சிற்றூர்களுக்கு ஒரு சிக்கலும் ஒரு வசதியும் உண்டு. ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதால், ஒரு பிள்ளையின் குடும்பச் சங்கடம் வகுப்புக்குள் எளிதில் கேலிப்பொருளாகிவிடும். துன்புறுத்திய பிள்ளையின் தந்தை உறவினராகவோ, கடன் தந்தவராகவோ, வேலை தருபவராகவோ இருந்தால் புகார் சொல்லப் பெற்றோரே தயங்குவார்கள். மேல்வகுப்புக்கு வெளியூர் போகும் பிள்ளைகள் பேருந்தில் கழிக்கும் நேரமோ எந்த ஆசிரியரின் பொறுப்பிலும் வருவதில்லை.

வசதி, அதே பழக்கம்தான். எந்தப் பிள்ளை எந்த வீடு என்று நடத்துநருக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் சத்துணவு அமைப்பாளருக்கும் தெரியும். பெற்றோர் இடம்பெறும் பள்ளி மேலாண்மைக் குழு இவர்களையும் அழைத்துப் பேசி, பேருந்திலும் வழியிலும் யார் கண் வைப்பது என்று பெயர் சொல்லி ஒப்படைக்கலாம். சாதி, பங்காளித் தொடர்பு கடந்து எந்தப் பிள்ளையும் தயங்காமல் அணுகக்கூடிய ஆசிரியர் ஒருவரை ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவிக்கலாம். கல்விக்கு வாரி வழங்கிய வட்டாரம் இது. கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947இல் தொடங்கிய கல்லூரியின் வழியில்தான் 1985இல் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. கட்டடம் எழுப்பித் தந்த கைகளுக்கு, அதற்குள் எந்தப் பிள்ளையும் அஞ்சாமல் உட்காரச் செய்யும் கடமையும் உண்டு.

உதவி கேட்க

சிறார் உதவி எண் 1098 எந்த நேரமும் இயங்குகிறது. தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417. இணையவழித் துன்புறுத்தலுக்கு 1930. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளையைப் பிறர் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், பாலியல் சீண்டல் இருந்தால் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் பொருந்தும். போக்சோ குற்றத்தை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காத பெரியவரும் தண்டனைக்கு உரியவர். இந்த எண்களை அலுவலகச் சுவரில் ஒட்டினால் போதாது. பிள்ளைகள் யாரும் பார்க்காமல் படித்துக்கொள்ளக்கூடிய கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்ட வேண்டும். அதைப் படித்து ஒரு பிள்ளை பேசினால், அந்த நாள் முடிவதற்குள் அதன் பாதுகாப்புக்கு ஒரு பெரியவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும்.