ஆக்சிஜன்: பெயரிடலின் அரசியல்

ஏலாக்குறிச்சியில் மாதா கோயில் எழுப்பிய வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைத் தொகுத்தபோது ‘ஆக்சிஜன்’ என்ற சொல் எம்மொழியிலும் இல்லை. ஷீலேயும் பிரீஸ்ட்லியும் 1770களில் தனித்தனியே பிரித்தறிந்த வாயுவுக்கு 1777இல் லவாய்சியர் பெயரிட்டார். கிரேக்க வேரில் அது ‘புளிப்பைப் பிறப்பிப்பது’, அதாவது அமில மூலம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லையென 1810இல் டேவி காட்டினார். கோட்பாடு செத்தது, பெயர் பிழைத்தது.

தமிழ் இந்தப் பிழையை மொழிபெயர்க்கவில்லை. பிராணவாயு, உயிர்வளி என்று மூச்சின் பக்கம் நின்று பெயரிட்டது. ஆனால் ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் ‘ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வெச்சிருக்காங்க’ன்னுதான் கேட்டிருக்கிறேன். உயிர் என்ற அர்த்தம் அந்த அந்நியச் சொல்லுக்குள்ளேயே குடியேறிவிட்டது.

அந்த அர்த்தத்தைத்தான் மூலதனமும் கைப்பற்றியது. 2018 மே மாதத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் கொல்லப்பட்ட பின் மூடப்பட்டது தூத்துக்குடி ஸ்டெர்லைட். 2021 ஏப்ரலில் ஆக்சிஜன் தயாரிக்க மட்டும், அதுவும் ஜூலை வரை, உச்ச நீதிமன்றம் அதற்கு அனுமதி தந்தது. நோயாளிகளின் தேவை பொய்யல்ல. ஆனால் தாமிரத்தோடு கந்தக அமிலமும் தயாரித்த ஆலை, ‘உயிர்’ என்ற சொல்லைச் சொல்லித்தான் கதவைத் திறந்தது. மூச்சுத் திணறுகிறவரின் ஆக்சிஜனும் ஆலை முதலாளியின் ஆக்சிஜனும் ஒரே வாயு. ஒரே சொல் அல்ல.