தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணமும் ஐந்நூறாவது யூனிட்டும்

தமிழ்நாட்டில் வீடுகளின் மின்பயன்பாடு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. மீட்டர் அன்று காட்டும் எண்ணிலிருந்து முந்தைய எண்ணைக் கழித்தால் செலவான யூனிட் கிடைக்கும். ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஆவது ஒரு யூனிட். இதுவரை கணக்கு எளிது. யூனிட்டை ரூபாயாக மாற்றும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

கட்டண விகிதத்தை வகுப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அதில் ஒரு பகுதியை மாநில அரசு மானியமாக ஏற்கிறது. 2016 மே மாதத்தில் முதல்வர் ஜெயலலிதா, வீடுகளுக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்று அறிவித்தார். ஆனால் 100ஐத் தாண்டியவர்கள் எல்லாரும் ஒரே விலையைக் கொடுக்கவில்லை. மொத்தப் பயன்பாடு எந்த அடுக்கில் விழுகிறதோ, அதைப் பொறுத்து கீழ் யூனிட்டுகளின் விலையும் மாறியது.

2022க்கு முந்தைய நிலையைப் பார்த்தால் இது விளங்கும். 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய், அதற்கு மேல் 3 ரூபாய், நிலைக்கட்டணம் 30 ரூபாய். ஆக 1,130 ரூபாய். 501 யூனிட் ஆகிவிட்டால் அந்த மானிய விலைகள் பறிபோகும். 101 முதல் 200 வரை 3.50, 500 வரை 4.60, கடைசி ஒரு யூனிட்டுக்கு 6.60, நிலைக்கட்டணம் 50, மொத்தம் 1,786.60 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் உண்மையான விலை 656.60 ரூபாய். இரண்டு நாள் தாமதமாகக் கணக்கெடுக்க வந்தாலே பல வீடுகள் இந்தக் கோட்டைத் தாண்டிவிடும். கணக்கெடுக்கும் தேதி பற்றி மக்கள் பட்ட கவலை வீண் கவலை அல்ல.

2022 செப்டம்பர் 10 முதல் வந்த திருத்தத்தில் வீடுகளுக்கான நிலைக்கட்டணம் நீக்கப்பட்டது. யூனிட் விலைகள் உயர்ந்தன. 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501க்கு 1,958 ரூபாய். பள்ளம் சுருங்கியதே தவிர மூடப்படவில்லை. 2024 ஜூலையில் விலைகள் மீண்டும் ஏறின.

மாதந்தோறும் கணக்கெடுத்தால் சிக்கல் தீரும் என்பது நெடுநாள் கோரிக்கை. தாமதத்தால் வரும் இழப்பு அதனால் குறையலாம். ஆனால் அடுக்குகளையும் பாதியாக்கினால், மே மாதத்தில் 350 யூனிட்டும் ஜூனில் 150 யூனிட்டும் செலவழிக்கும் வீடு மே மாதமே 250 என்ற வரம்பைத் தாண்டிவிடும். இரண்டு மாதக் கணக்கிலோ அது 500க்குள் அடங்கியிருக்கும்.

2020 கொரோனா ஊரடங்கின்போது ஊழியர்கள் வீடுகளுக்குச் செல்ல முடியவில்லை. முந்தைய தொகையையே கட்டும்படி மின்வாரியம் கேட்டுக்கொண்டது. பின்னர் நான்கு மாதப் பயன்பாட்டை இரண்டாகப் பிரித்து, கட்டிய தொகையைக் கழித்துக் கணக்கிட்டது. அப்படியும் பலருக்குக் கட்டணம் எகிறியது. அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கு தள்ளுபடியானது.