பதனிட்ட வால்வு

பெரியமேட்டுத் தோல் மண்டிகளிலிருந்து துறைமுகம் சென்ற பதனிட்ட தோலை வடசென்னையராகிய நாம் அறிவோம். அதையொத்த பதனிடும் முறையே இதயத்துக்கும் உதவிற்று. 1965இல் பாரிசில் மனிதருக்குப் பொருத்தப்பட்ட பன்றி வால்வுகள் விரைவில் கெட்டன. தோல் பதனிடுவோரும் கையாளும் குளுட்டரால்டிஹைடில் அவற்றைப் பதப்படுத்தி ஆயுளை நீட்டியவர் அலென் கார்பெந்தியே.

நுரையீரல் தமனி வாயிலில் இரத்த அழுத்தம் குறைவு; பெரியவர்களிடம் இத்தகைய வால்வு அங்கே பத்தாண்டுக்கு மேலும் உழைப்பதுண்டு. பிள்ளைகளிடமோ சுண்ணாம்பு விரைந்து படிகிறது. பிள்ளை வளர, வால்வு வளர்வதில்லை. உலோக வால்வெனில் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாளெல்லாம் மாத்திரை. ஆகவே, நெஞ்சை மீண்டும் திறக்க நேருமென்று அறிந்தே பெற்றோர் இதற்கு இசைகின்றனர். எத்துணைக் கடினமான கையொப்பம்!

2000இல் அதே பாரிசில், முன்பு பொருத்திய குழாய் பழுதான 12 வயதுச் சிறுவனுக்கு, பிலிப் பொன்ஹோஃபர் மாட்டின் கழுத்துச் சிரை வால்வை இரத்தக்குழாய் வழியாகவே பொருத்தினார். நெஞ்சைத் திறக்கவில்லை.