பள்ளி மாணவர்களை ஜப்பான் ஆய்வகங்களுக்கு அழைக்கும் சகுரா திட்டம்

புதுதில்லி: ஆசிய நாடுகளின் இளம் தலைமுறையினர் தன் அறிவியல் நிலையங்களை நேரில் காண வேண்டும் என்பதற்காக ஜப்பான் அறிவியல் தொழில்நுட்ப முகமை 2014-ஆம் ஆண்டு முதல் ‘சகுரா அறிவியல் திட்ட’த்தை நடத்தி வருகிறது. இந்தியா இதில் 2016 ஏப்ரலில் சேர்க்கப்பட்டது.

மத்திய கல்வி அமைச்சகத்தின் பள்ளிக் கல்வி, எழுத்தறிவுத் துறை மாணவர்களைத் தெரிவு செய்கிறது. கேந்திரிய வித்யாலயா, நவோதயா வித்யாலயா மாணவர்களுடன் மாநில அரசுப் பள்ளி மாணவர்களும் இடம்பெறுகின்றனர். தில்லியில் உள்ள என்சிஇஆர்டி வளாகத்தில் வழியனுப்பு நிகழ்ச்சி நடத்தப்படுவது வழக்கம். ஏறத்தாழ ஒரு வாரப் பயணத்தில் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் பார்வையிடும் மாணவர்கள், ஜப்பானியப் பண்பாட்டையும் அறிந்துகொள்கின்றனர். விமானக் கட்டணத்தை எண்ணிப் பார்க்கவும் இயலாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, அழைக்கும் நாடே செலவை ஏற்பதுதான் இத்திட்டத்தின் உயிர்நாடி.

ஆயினும் எண்ணிக்கை மிகச் சிறிது. நாட்டில் 14.7 லட்சம் பள்ளிகளில் ஏறக்குறைய 24.8 கோடி பேர் பயிலும் நிலையில், ஒரு குழுவில் செல்வோர் சில பத்துப் பேரே. இதற்கு மாறாக, 2006-இல் தொடங்கிய பிரிட்டன்-இந்தியக் கல்வி, ஆராய்ச்சி முன்னெடுப்பு, தன் முதற்கட்டத்தில் தனிமாணவரை விடுத்து இருநாட்டுப் பள்ளிகளையே குழுக்களாக இணைத்தது.

பயணம் முடித்துத் திரும்பும் மாணவருக்குத் தம் பள்ளியில் கருவிகள் வேண்டும். அதற்கான நிதி உள்நாட்டிலிருந்தே வர வேண்டியுள்ளது. 2025-26 மத்திய பட்ஜெட்டில், ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது.